ரத்தம் குடுக்க போனேன், 10.2ன்னு திருப்பி அனுப்பிட்டாங்க. ஹாஸ்டல்ல என்னதான் சாப்பிடறது?

ஹாஸ்டல்_ரூம்_14:
சேலத்துல ரெண்டாவது வருஷம் பிஎஸ்சி படிக்கிறேன். போன வாரம் ரத்ததான கேம்ப், ஆசையா லைன்ல நின்னேன், விரல்ல குத்தி பாத்துட்டு ஹீமோகுளோபின் 10.2தான்மா, 12.5 இருந்தாதான் எடுப்போம்னுட்டாங்க. ரூமுக்கு வந்து யோசிச்சா, காலைல மெஸ் பொங்கலுக்கு பயந்து டீயும் ரெண்டு பிஸ்கட்டும், மதியம் தயிர்சாதம் ஊறுகா, சாயங்காலம் கடைவீதி போனா தட்டுவடை செட் (ரெண்டு தட்டுவடைக்கு நடுவுல காய் துருவல் வெச்சு தருவாங்க) இல்லன்னா முட்டை நொறுக்கல், அது தின்னா நைட்டு எங்க பசிக்குது. ரூம்ல அடுப்பு, கெட்டில் எதுவும் விட மாட்டாங்க. அதிகம் செலவில்லாம ஏதாச்சும் சொல்லுங்களேன்

குகை_ஆளு:
செட்டுல பீட்ரூட் துருவல் வெக்கறாங்களே, அதுலயே ரத்தம் ஊறுமே 😄

நியூட்ரிஷன்_சீனியர்:
கலர பாத்து ஏமாறாதீங்க. 100 கிராம் பீட்ரூட்லயே இரும்புச்சத்து 1 மில்லிகிராம் தேறாது, செட்டுல வெக்கறது ரெண்டு சிட்டிகை. பொண்ணுங்களுக்கு ஒரு நாளைக்கு 29 மில்லிகிராம் இரும்பு வேணும்னு ஐசிஎம்ஆர் (இந்திய மருத்துவ ஆராய்ச்சி கவுன்சில்) 2020ல சொல்லியிருக்கு. ஜவ்வரிசி உப்புமாவும் அப்படித்தான், நம்ம ஊரு சரக்குன்னாலும் வெறும் மாவு. முதல்ல டீயை சாப்பாட்டுல இருந்து ஒரு மணி நேரம் தள்ளுங்க, கூடவே குடிச்சா இருக்கற இரும்பும் ஒடம்புல சேராது. பருப்பு, கீரை சாப்பிடறப்ப ஒரு நெல்லிக்காயோ கொய்யாவோ கடிச்சுக்கங்க, நல்லா சேரும்.

அம்மாபேட்டை_அக்கா:
கண்ணு, அடுப்பே வேண்டாம். காலைல ரோட்டோர வண்டில கம்மங்கூழ் ஒரு சொம்பு, சின்ன வெங்காயம் கடிச்சுக்கோ. ரூம்ல ஒரு டப்பா எள்ளுருண்டை, ஒரு டப்பா வறுத்த கடலை வெச்சுக்கோ. எம்பொண்ணும் இப்படித்தான் பிஸ்கட்லயே ஓட்டுனா, மாடிப்படி ஏறுனா மூச்சு வாங்கும். ஆனா 10.2ங்கறது தீனியால மட்டும் ஏறாது சாமி, மாசாமாசம் ரொம்ப போகுதான்னு டாக்டர்கிட்ட வெக்கப்படாம சொல்லு, பூச்சி மாத்திரை வேணுமான்னும் கேளு. சத்து மாத்திரை ஜிஹெச்ல சும்மாவே தருவாங்க.

ஹாஸ்டல்_ரூம்_14:
ஆமாக்கா, ஏழு நாள் போகும், எல்லாருக்கும் அப்படித்தான்னு நெனச்சேன். நாளைக்கு ஜிஹெச் போறோம், ரூம்மேட்டும் வர்றா. செட்டு இனிமே வாரத்துக்கு ரெண்டு நாள்தான்.

குகை_ஆளு:
நொறுக்கல்?

ஹாஸ்டல்_ரூம்_14:
அதுல முட்டை இருக்குல்ல, அது கணக்குல வராது 🙈