உடைந்த ஃபைபர் ஃபேரிங்கை வீட்டிலேயே ஒட்டியவர்கள், உங்கள் அனுபவம் சொல்லுங்கள்

புதுவயல் ரைடர்

திருமயம் தாண்டி வரும்போது ஆடு குறுக்கே பாய்ந்தது, வண்டி வலது பக்கம் சாய்ந்து தார் ரோட்டில் இழுத்துக்கொண்டே போனது. எனக்குச் சிராய்ப்புதான். வண்டி வாங்கியபின் தனியாக வாங்கி மாட்டிய ஃபைபர் ஃபேரிங் (வண்டியின் வெளிமூடி), இண்டிகேட்டர் ஓட்டையிலிருந்து கீழ் போல்ட் வரை பிளந்து, உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு தனியாகப் போய்விட்டது. ஆட்டுக்காரர்தான் கருவேலம் புதருக்குள் தேடி எடுத்துத் தந்தார். அதை விடுங்கள், நான் எழுத வந்தது வேறு.

ரெசின், அதில் நனைத்து ஒட்டுகிற கண்ணாடி நூல் மேட், ரெசினைக் கெட்டியாக்குகிற ஹார்ட்னர் எல்லாம் ஒரே கடையில் வாங்கினேன். ஹார்ட்னர் எவ்வளவு விட வேண்டும் என்று கேட்டேன். "ஒரு மூடி ஊத்துங்க தம்பி, போதும்" என்றார். எவ்வளவு ரெசினுக்கு ஒரு மூடி என்று திருப்பிக் கேட்டால், "எல்லாத்துக்கும் அதுதான்" என்று அடுத்த ஆளைக் கவனிக்கப் போய்விட்டார். சித்திரை வெயில், வீட்டு முற்றத்தை ஒட்டிய தாழ்வாரத்தில் உட்கார்ந்து முதல் மேட்டை வைத்துப் பிரஷ்ஷால் குத்திக்கொண்டிருக்கிறேன், பக்கத்தில் இருந்த கப்பிலிருந்து புகை வருகிறது! பிளாஸ்டிக் கப் இளகிச் சாய்ந்து, பாதி கெட்டியான ரெசின் ஆத்தங்குடிக் கல்லில் ஒழுகியது. ஐயா காலத்தில் பதித்த பூக்கல் அது. அசிட்டோன் போட்டுத் தேய்த்தும் அசையவில்லை.

ஃபேரிங் பிறகு நன்றாகவே வந்துவிட்டது, விடியற்காலையில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலந்து ஒட்டினேன். ஆனால் அந்த "ஒரு மூடி" மட்டும் மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது. இப்படி ஒரு சாமானை அளவு சொல்லாமல் விற்கலாமா?

பள்ளத்தூர் 220

அளவு இருக்கட்டும், அது ஃபைபர்தானா என்று முதலில் பார்த்தீர்களா? கம்பெனி வண்டியில் வருகிற பேனல் பெரும்பாலும் ஃபைபரே கிடையாது, ஊரில் எல்லாவற்றையும் ஃபைபர் என்றே சொல்லிப் பழகிவிட்டோம்.

என் சைடு பேனலை ஒரு பட்டறையில் மேட் வைத்து, ரெசின் போட்டு, பெயின்ட்டும் அடித்துத் தந்தார்கள். பார்க்கப் புதுசுதான். பங்குனி உத்திரத்துக்குக் குன்றக்குடி போகும்போது வேகத்தடையில் ஏறி இறங்கியதும் உள்ளே டக்கென்று ஒரு சத்தம். நிறுத்திப் பார்த்தால் ஒட்டுப்போட்ட மேட் முழுசாகக் கழன்று கையோடு வருகிறது, ஒரு சிம்பு கூடப் பேனலில் மிச்சமில்லை. அந்த ஒட்டின் அடிப்பக்கத்தில் ஏபிஎஸ் என்ற எழுத்து இடவலம் மாறி அச்சாகப் பதிந்திருந்தது. அதாவது பேனலிலேயே இன்ன பிளாஸ்டிக் என்று எழுதியிருக்கிறது, அந்த எழுத்தின் மேலேயே ரெசினை ஊற்றியிருக்கிறார்கள். காசு போனது கூடப் பரவாயில்லை, அந்த எழுத்தைப் பார்த்தபோது வந்த கோபம் இன்னும் அடங்கவில்லை.

புதுவயல் ரைடர்

அண்ணே, உடைந்த ஓரத்தில் கண்ணாடி நூல் நீட்டிக்கொண்டிருந்தது. ஃபைபர்தான், சந்தேகமே இல்லை.

தேவகோட்டை டிங்கர்

நூல் தெரிந்தால் ஃபைபர்தான், பள்ளத்தூர்த் தம்பி சொன்னதும் சரிதான். என்னிடம் ஒருவர் சீட் கவுல் (சீட்டுக்குப் பின்னால் வருகிற மூடி) கொண்டுவந்தார், பிளவு முழுக்க வெளிப்பக்கமாக எம்-சீல் அப்பி மேலே கருப்பு பெயின்ட். சுரண்டி எடுக்கவே ஒரு பகல் போனது. அதனால் சொல்கிறேன், கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

பிளவு முடிகிற இடத்தில் 3 மி.மீ. ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் ஒட்டிய பிறகும் பிளவு ஓடிக்கொண்டே இருக்கும். வேலை எல்லாம் உள்பக்கம்தான். வெளிப்பக்கம் துண்டைப் பொருத்தி டேப் ஒட்டிவிட்டு, உள்ளே பிளவின் இரண்டு பக்கமும் இரண்டு மூன்று செ.மீ. அகலத்துக்கு 60 அல்லது 80 நம்பர் உப்புத்தாளால் சரிவாகத் தேய்க்க வேண்டும், பழைய பெயின்ட், எண்ணெய்ப் பிசுக்கு எதுவும் இருக்கக் கூடாது, பளபளப்பு இருந்தால் பிடிக்காது. அசிட்டோனால் துடைத்துக் காயவிடுங்கள். மேட்டைக் கத்தரியால் வெட்டாமல் கையால் கிழித்தால் ஓரம் மெல்லிசாகப் படியும். 300 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 300 கிராம்) மேட்டில் இரண்டு மூன்று அடுக்கு போதும், ஒவ்வொன்றிலும் வெள்ளை மறைந்து கண்ணாடியாகத் தெரியும்வரை பிரஷ்ஷால் குத்திக் காற்றை வெளியேற்ற வேண்டும்.

ஹார்ட்னர் 100 கிராம் ரெசினுக்கு 1 முதல் 2 கிராம். நம் ஊர் வெயிலில் 1 கிராமே தாராளம், சூடு 10 டிகிரி ஏறினால் கெட்டியாகிற நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். ஆழமான கப்பில் மொத்தமாகக் கலந்தால் அதன் சூடு வெளியே போக வழியில்லாமல் தானே புகையும், அகலமான தட்டில் பரப்பி வைத்தால் கொஞ்சம் தாங்கும். புதுவயலுக்கு நடந்தது இதுதான்.

இன்னொன்று, ரெசின் கோபால்ட் (சீக்கிரம் இறுக வைக்கிற திரவம்) கலந்ததா என்று கடையில் கேளுங்கள். தனியாகக் கொடுத்தால் கோபால்ட்டை ரெசினில் முழுக்கக் கலக்கிய பிறகுதான் ஹார்ட்னர். இரண்டையும் நேராக ஒன்றோடொன்று சேர்த்தால் தீப்பிடிக்கும், வெடிக்கும். இதில் விளையாடாதீர்கள்.

காய்ந்த ரெசின் அசிட்டோனில் கரையாது தம்பி. அந்தக் கல்லை விட்டுவிடுங்கள், உளி போட்டால் பூ பெயர்ந்து வரும்.

கோட்டையூர்க்காரி

இவ்வளவு சொன்ன அண்ணன் கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே. என் தம்பி விசரை ஒட்டும்போது ஹார்ட்னர் பாட்டிலை அழுத்தினான், அடைத்திருந்த மூக்கு திடீரென்று திறந்து ஒரு சொட்டு கண்ணில். அவன் கத்திய கத்தலில் பக்கத்து வளவிலிருந்து ஆட்கள் ஓடிவந்தார்கள். குழாயடியில் தலையைப் பிடித்து அழுத்தி, இமையை விரித்து, அவன் திமிறத் திமிறத் தண்ணீர் விட்டுக்கொண்டே இருந்தேன், அப்புறம்தான் ஆஸ்பத்திரி. உடனே தண்ணீர் விட்டதால்தான் பார்வை தப்பியது என்றார் டாக்டர். கண்ணாடி போடாமல் அந்தப் பாட்டிலைத் தொடவே தொடாதீர்கள்.

அப்புறம் தூசி. பேப்பர் போட்டுத் தேய்த்த தூசி கொடியில் காய்ந்த துணியில் எல்லாம் ஏறி, வீட்டில் எல்லோருக்கும் அரிப்பு. தண்ணீர் தொட்டுத்தான் தேய்க்க வேண்டும், மாஸ்க் கட்டாயம்.

தேவகோட்டை டிங்கர்

கண் விஷயம் நூற்றுக்கு நூறு உண்மை தங்கச்சி. ஆனால் தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது ஃபைபருக்கு மட்டும் சரி. மேடுபள்ளம் நிரப்ப மேலே போடுகிற பட்டி தண்ணீரை உறிஞ்சும், ஈரத்தோடு பெயின்ட் அடித்தால் பிறகு கொப்புளம் கிளம்பும். பட்டியை உலர்வாகத் தேய்த்து, பிரைமர் (பெயின்ட்டுக்கு அடிப்பூச்சு) அடித்த பிறகு வாட்டர் பேப்பர் போடுங்கள்.

கோட்டையூர்க்காரி

கொப்புளம் வந்தால் திரும்ப அடிக்கலாம் அண்ணே. நுரையீரலுக்குள் போன தூசியை என்ன செய்வது? உலர்வாகத் தேய்ப்பதென்றால் வீட்டுக்கு வெளியே, பிள்ளைகள் இல்லாத இடத்தில் என்று சேர்த்துச் சொல்லுங்கள்.

தேவகோட்டை டிங்கர்

சரி, சேர்த்தே சொல்கிறேன். வெளியே, காற்று வாட்டம் பார்த்து, மாஸ்க்கோடு.

பள்ளத்தூர் 220

அண்ணே, இந்தப் பாலியஸ்டர் ரெசினுக்குப் பதில் எபாக்சி ரெசின் போட்டால் இதே மேட் ஆகுமா? என் நண்பன் வாங்கி வைத்திருக்கிறான்.

தேவகோட்டை டிங்கர்

ஆகாது. அந்த மேட்டில் நூலைப் பிடித்து வைத்திருக்கும் பசை பாலியஸ்டர் ரெசினில்தான் இளகும், எபாக்சியில் இளகாது, மேட் விறைப்பாகவே நின்று வளைவில் படியாது. எபாக்சிக்கு நெய்த கண்ணாடித் துணி வாங்கச் சொல்லுங்கள்.