மாதச் சம்பளத்துக்குக் கம்பெனி லாரி ஓட்டப் போகலாமா?

சங்ககிரி டிரைவர்:

அண்ணன்மாருக்கு வணக்கம். வயது 31, ஏழு வருஷமாக ஹெவி ஓட்டுகிறேன். எங்கள் ஊரில் இரண்டு லாரி வைத்திருப்பவரிடம்தான் இத்தனை வருஷமும். சம்பளம் என்று கிடையாது, வாடகையில் நூற்றுக்குப் பன்னிரண்டு எனக்கு. நல்ல லோடு அமைந்தால் மாதம் முப்பதாயிரத்தைத் தொடும். போன ஆடியில் வண்டி பதினெட்டு நாள் ஒர்க்‌ஷாப்பில் நின்றுவிட்டது. அந்த மாதம் வீட்டுக்குக் கொடுக்க முடிந்தது ஒன்பதாயிரம்தான். ஓனர் நல்ல மனுஷர். அப்பாவுக்கு ஆபரேஷன் என்றபோது நான் கேட்காமலே இருபதாயிரம் எடுத்துக் கொடுத்தார். அதனால்தான் இவ்வளவு யோசனை.

இப்போது ஸ்ரீபெரும்புதூரில் நூறு வண்டிக்கு மேல் ஓடும் ஒரு கம்பெனியில் கூப்பிடுகிறார்கள். மாதம் 19,000, ஓடும் கிலோமீட்டருக்குத் தனியாகப் படி, பி.எஃப்., இ.எஸ்.ஐ. உண்டாம். மகள் அடுத்த வருஷம் எல்.கே.ஜி. போகிறாள், வீட்டில் போகச் சொல்கிறார்கள். கம்பெனி வண்டி ஓட்டியவர்கள் உள்ளதைச் சொல்லுங்கள்.

ராசிபுரத்துக்காரர்:

தம்பி, நான் பதினோரு வருஷமாகக் கம்பெனி வண்டிதான். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து புனே பக்கம் சாக்கனுக்குக் கார் உதிரிபாகம். ஓசூர், ஹூப்ளி, கோலாப்பூர், சதாரா வழி, ஒரு நடைக்குச் சுமார் 1,150 கிலோமீட்டர். சம்பளம் ஏழாம் தேதி வங்கிக் கணக்கில் விழுந்துவிடும். இதுவரை ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. வீட்டு லோன் எனக்குக் கிடைத்ததே அந்தச் சம்பளச் சீட்டால்தான்.

ஆனால் நீ கேட்க வேண்டிய கேள்வி சம்பளம் எவ்வளவு என்பதில்லை. வண்டி நிற்கும் நாளுக்கு என்ன தருவார்கள் என்று கேள். சாக்கனில் கேட்டுக்கு வெளியே இரண்டு நாள், மூன்று நாள் அன்லோடுக்குக் காத்துக் கிடப்போம். குளிக்கக் காசு, கக்கூஸுக்குக் காசு, ஹோட்டல் சாப்பாடு, எல்லாம் நம் கையிலிருந்து. கிலோமீட்டர் ஓடாததால் படியும் இல்லை. எங்கள் கம்பெனியில் முதல் ஆறு வருஷம் இப்படித்தான். அப்புறம் முப்பது டிரைவர்கள் சேர்ந்து போய்ப் பேசிய பிறகுதான் ஹால்ட்டிங் படி வந்தது, அதுவும் இருபத்துநான்கு மணி நேரம் கழிந்த பிறகுதான் கணக்கு.

அடுத்தது போன். ஜி.பி.எஸ்.ஸில் வண்டி அரை மணி நேரம் நின்றால் கண்ட்ரோல் ரூமிலிருந்து கூப்பிடுவார்கள். தூக்கம் வருகிறது என்று சொன்னால் ஒருவர் ‘தூங்குங்க அண்ணா’ என்பார், இன்னொருவர் ‘பார்ட்டி காத்திருக்காங்க’ என்பார். 1961ஆம் வருஷத்து மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டமே நாளுக்கு எட்டு மணி நேரம், வாரத்துக்கு நாற்பத்தெட்டு என்றுதான் வைத்தது. லாங் ரூட்டில் அதை நான் எங்கேயும் பார்த்ததில்லை. எனக்குத் தூக்கம் வந்தால் சதாரா தாண்டி வரும் கம்பாட்கி காட் மலைப்பாதை ஏறுவதற்கு முன்னாலேயே ஓரங்கட்டிவிடுவேன், யார் கூப்பிட்டாலும் சரி. பதினோரு வருஷத்தில் இதற்காக என்னை யாரும் வேலையை விட்டு அனுப்பவில்லை. முதல் தடவையே உறுதியாகச் சொல்லிவிட வேண்டும்.

எந்த வண்டி தருவார்கள் என்றும் கேள். 2025 அக்டோபர் முதல் தேதியிலிருந்து தயாராகும் லாரிகளுக்கு கேபினில் ஏ.சி. கட்டாயம். பழைய வண்டியைப் புது ஆள் தலையில் கட்டுவது எல்லா இடத்திலும் உண்டு.

டிரெய்லர் ஓட்டுபவன்:

நான் ஒன்றரை வருஷத்தில் விட்டுவிட்டு ஓனரிடமே திரும்பினேன். காரணம் டீசல். லிட்டருக்கு இத்தனை கிலோமீட்டர் என்று எழுதி வைத்திருப்பார்கள். குறைந்தால் சம்பளத்தில் பிடித்தம். பெல்லாரி பக்கம் தோரணக்கல்லில் ஸ்டீல் காயில், அதாவது இரும்புத் தகட்டுச் சுருள், ஏற்றிக் கோயம்புத்தூர் வருவேன். வெறும் வண்டிக்கும் காயில் ஏற்றிய வண்டிக்கும் ஒரே கணக்குப் போட்டால் எப்படி வரும்? ஒரு மாதம் 2,300 ரூபாய் பிடித்தார்கள்.

அந்தப் பிடித்தத்துக்குப் பயந்துதான் எங்களில் பலர் தொப்பூர் கணவாயில் நியூட்ரல் போட்டு இறக்கினார்கள். தம்பி, அதை மட்டும் யார் சொன்னாலும் செய்யாதே. இப்போதைய இன்ஜினில் கியரில் விட்டு ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால் டீசல் போவதே நின்றுவிடும். நியூட்ரலில்தான் ஐடிலிங்குக்கு டீசல் குடிக்கும். மிச்சம் என்று நினைத்துச் செய்வது மிச்சமே இல்லை. பிரேக் மட்டும் பிடித்துக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடிக்காமல் போகும். முன்னால் போன வண்டிகள்மேல் ஒரு லாரி ஏறிக் கிடந்ததை அங்கே என் கண்ணால் பார்த்தேன். அதற்கு அடுத்த வாரம் சாவியைக் கொடுத்துவிட்டேன். லோடுக்குத் தகுந்த மைலேஜ் போடுகிறார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்கு.

ஒரு டிரைவரின் மனைவி:

தம்பி, என் வீட்டுக்காரர் 2022இல் வண்டி ஹால்ட்டில் நின்ற இடத்திலேயே நெஞ்சுவலி வந்து இறந்துவிட்டார். கம்பெனி வேலை என்றுதான் நினைத்திருந்தோம். போய்க் கேட்டால், அவர் கான்ட்ராக்டர் ஆள் என்றார்கள். நல்ல வேளை, கான்ட்ராக்டர் பி.எஃப். கட்டியிருந்தார். ஒரே ஒரு மாதம் கட்டியிருந்தாலும் மனைவிக்கு பென்ஷன் உண்டு என்பது எனக்கு அப்போதுதான் தெரியும். பி.எஃப்.போடு சேர்ந்த இன்சூரன்ஸும் இருக்கிறது, அதிகபட்சம் ஏழு லட்சம் வரை. எனக்கு அது கிடைக்க எட்டு மாதம் ஆனது, நாமினி பெயரை அவர் பதியாமல் விட்டதால். நீங்கள் சேர்ந்த அன்றைக்கே மனைவி பெயரைப் பதிந்துவிடுங்கள். மாதா மாதம் போனில் பாஸ்புக்கைப் பாருங்கள். இ.எஸ்.ஐ. 21,000 சம்பளம் வரைக்கும்தான், அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சங்ககிரி டிரைவர்:

அக்கா, நீங்கள் எழுதியதை என் மனைவியும் படித்தாள். அண்ணன்மாருக்கும் நன்றி. இன்றைக்கு நேரில் போய்க் கேட்டேன். ஹால்ட்டிங் படி இரண்டாம் நாளிலிருந்து 400 ரூபாய். மைலேஜ் லோடு வண்டிக்கும் காலி வண்டிக்கும் தனித்தனி, தாளைக் காட்டினார்கள். ஆனால் பி.எஃப். யார் பெயரில் என்றபோது கான்ட்ராக்டர் பெயரைச் சொன்னார்கள். அவருடைய பி.எஃப். நம்பரைக் கேட்டிருக்கிறேன், திங்கட்கிழமை தருவதாகச் சொன்னார்கள். அது கைக்கு வந்து, பணம் ஒழுங்காகக் கட்டுகிறாரா என்று பார்த்த பிறகுதான் ஓனரிடம் பேச்சை எடுப்பேன். நாளைக்கு ஹைதராபாத் லோடு இருக்கிறது.