மறு: ஆர்பிட்டல் ரெசொனன்ஸ் – ‘சுற்றுப்பரிவு’ எனலாமா?

> ‘சுற்றுப்பாதை ஒத்ததிர்வு’ என்றே போட்டுவிடலாம். பாடநூலில் உள்ள சொல்தானே.

வணக்கம் ஐயா,

இரண்டு வான்பொருள்களின் சுற்றுக்காலங்கள் சிறிய முழு எண் விகிதத்தில் பொருந்தி, ஒன்றையொன்று இழுக்கும் இழுப்பு சேர்ந்துகொண்டே போவதைத்தானே ஆர்பிட்டல் ரெசொனன்ஸ் என்கிறோம். ‘ஒத்ததிர்வு’ பாடநூலில் உள்ளதுதான். ஆனால் எதற்கு? இசைக்கவையைத் தட்டிக் காற்றுத்தம்பத்தின் மேல் பிடிக்கும் சோதனைக்கு. அங்கே அதிர்வதற்குக் காற்று இருக்கிறது. வியாழனின் நிலாக்களில் எது அதிர்கிறது?

அயோவுக்கு ஒரு சுற்று 1.77 நாள், யூரோப்பாவுக்கு 3.55, கனிமீடுக்கு 7.15. கனிமீடு ஒரு முறை வருவதற்குள் யூரோப்பா இரண்டு, அயோ நான்கு. அயோவும் யூரோப்பாவும் ஒவ்வொரு முறையும் பாதையின் ஏறக்குறைய அதே இடத்தில் நெருங்குவதால் இழுப்பும் அங்கேயே விழுகிறது. தூளி திரும்பிவரும் நேரம் பார்த்துத் தட்டுவதுபோலத்தான். தட்டு சிறியது, ஆட்டம் பெரியது. இதனால் அயோவின் பாதை வட்டமாக அடங்காமல் சற்றே நீண்டு நிற்கிறது. வியாழனின் பிடி கூடியும் குறைந்தும் அதை நெளிக்க, உள்ளே சூடேறுகிறது. பீல் உள்ளிட்ட அறிவியலாளர் மூவர் இதைக் கணக்கிட்டு 1979 மார்ச் 2 அன்று வெளியிட்டார்கள். ஒரு வாரத்துக்குள் வாயேஜர் 1 விண்கலம் எடுத்த படத்தில் எரிமலை உமிழ்வு தெரிந்தது!

> அப்படியானால் ‘ஒத்திசைவு’?

அழகான சொல். ஆனால் கைபேசியில் ‘ஒத்திசை’ என்று அழுத்திப் பழகிய கண், இரண்டும் ஒரே வேகத்தில் ஓடுவதாகவே படிக்கும். இங்கே இருப்பது முழு எண் விகிதம். வேதியியலில் ரெசொனன்ஸுக்கு வழங்கும் ‘உடனிசைவு’ வேதியியலாரிடம் பென்சீனோடு இருக்கட்டும்.

இலங்கைப் பாடநூல்களில் ரெசொனன்ஸ் ‘பரிவு’. எனக்கு அதுவே பிடிக்கிறது. ஒன்றின் அசைவுக்கு இன்னொன்று இசைந்துகொடுப்பதைச் சொல்கிறது. அதிர்ந்தே ஆகவேண்டும் என்று அடம்பிடிப்பதில்லை. ஆகவே சுற்றுப்பரிவு. ‘பாதை’ வேண்டியதில்லை, பொருந்துவது சுற்றுக்காலங்கள்தாமே.

> வியாழன் சிறுகோள் பட்டையில் கற்களைத் துரத்தி இடைவெளி உண்டாக்குகிறது. துரத்துவதற்குப் பெயர் பரிவா?

சரியான இடத்தில் பிடித்தீர்கள். சூரியனிலிருந்து 2.5 வானியல் அலகில் (பூமி–சூரியன் தொலைவைப்போல் இரண்டரை மடங்கில்) உள்ள கர்க்வுட் இடைவெளியைத்தானே சொல்கிறீர்கள்? வியாழன் ஒரு சுற்று வர 11.86 ஆண்டு; அதற்குள் அங்குள்ள கல் மூன்று சுற்று வந்துவிடும். இழுப்பு சேரச் சேரப் பாதை கோணலாகிக் கல் வெளியேறுகிறது. ஆனால் புளூட்டோவைப் பாருங்கள். நெப்டியூன் மூன்று சுற்று வர, அது இரண்டு வருகிறது. நெப்டியூனின் பாதைக்கு உள்ளேகூடப் புகுந்து போகிறது, மோதுவதில்லை. காப்பதும் துரத்துவதும் ஒரே கணக்குதான். ‘ஈர்ப்பு’ என்றதும் இயற்பியல் வகுப்பில் யாரும் காதலை நினைப்பதில்லையே, பரிவும் அப்படிப் பழகிவிடும்.

———

வணக்கம் அண்ணா. யாழ்ப்பாணத்திலிருந்து ஒரு வரி.

எங்களுக்குப் பரிவு என்றாலே சுரமானிக் (சோனோமீட்டர்) கம்பியில் வைத்த கடதாசித் துண்டு துள்ளி விழுவதுதான் நினைவுக்கு வரும். ‘பரிவு மீடிறன்’ (மீடிறன் என்றால் உங்கள் அதிர்வெண்) கேட்டு வளர்ந்த காது. கருணையை ஒருவரும் நினைப்பதில்லை.

சுற்றுப்பரிவுக்கு என் ஆதரவு. ஆனால் புதனை எங்கே வைப்பது? சூரியனை இருமுறை சுற்றுவதற்குள் தன்னைத்தானே மூன்றுமுறை சுழல்கிறது. இரண்டு பொருள்களின் சுற்றுகள் அல்ல, ஒரே பொருளின் சுழற்சியும் சுற்றும். ‘சுழல்-சுற்றுப்பரிவு’ என்றால் நாக்கு சுளுக்குகிறது.

———

தங்கச்சி, அதைச் ‘சுழற்பரிவு’ என்று சுருக்கினால் போதாதா? நம் நிலா ஒரே முகம் காட்டுவதும் அதற்குள் அடங்கும், விகிதம் 1:1. மறுப்பு இருந்தால் விக்சனரியில் ஏற்றுமுன் சொல்லுங்கள்.