கிளாரினெட்: ஜாஸ் பிடித்த காதுக்குச் செவ்வியல் வாசிப்பு எப்படி வசப்படும்?

வடக்கு மாசி வீதி:
வணக்கம். மதுரை சேதுராமன், பொன்னுசாமி சகோதரர்களின் நாகஸ்வரத்தில் ஊறிய எனக்கு, மேற்கத்திய கிளாரினெட்டில் முதலில் மனத்தைப் பறித்தது ஜாஸ்தான். பென்னி குட்மன் 1938-இல் கார்னகி அரங்கில் வாசித்த பதிவும், ஆர்ட்டி ஷாவின் மேல் ஸ்தாயிக் கார்வைகளும் எனக்கு அலுப்பதே இல்லை. ஆனால், மொசார்ட்டின் கிளாரினெட் கான்செர்ட்டோவை (தனி வாத்தியமும் இசைக்குழுவும் சேர்ந்து வாசிக்கும் படைப்பு) கேட்கும்போது அதன் சுத்தத்தை வியக்க முடிகிறதே தவிர, உருக முடியவில்லை; ஸ்வரங்கள் ஒன்றோடொன்று குழையாமல் தனித்தனியே நிற்பதாகவே படுகிறது. அதில் எதைக் கவனித்துக் கேட்க வேண்டும் என்று விவரம் அறிந்தவர்கள் சொல்ல வேண்டுகிறேன்.

திருநகர் ரசிகர்:
ஐயா, செவ்வியல் கிளாரினெட்டில் நாதத்தை நடுக்கி அசைக்காமல் (வைப்ராட்டோ இல்லாமல்) நிறுத்துவதே பெரும்பாலோர் கைக்கொள்ளும் மரபு. ஆகவே, உணர்ச்சி முழுவதையும் மூச்சின் ஏற்ற இறக்கமே சுமக்க வேண்டியிருக்கிறது. 1791-இல் கிளாரினெட் கலைஞர் ஆன்டன் ஷ்டாட்லருக்காக எழுதப்பட்ட அந்த மொசார்ட் படைப்பின் இரண்டாம் பகுதியில், தொடக்க மெட்டு திரும்பி வரும்போது ஒலி எவ்வளவு தணிகிறது என்பதை மட்டும் ஒருமுறை கவனியுங்கள்.

எனினும், தங்கள் காதுக்கு நான் முதலில் பரிந்துரைப்பது ஜெர்மன் இசையமைப்பாளர் பிராம்ஸ் 1891-இல் கிளாரினெட்டுக்கும் நான்கு தந்தி வாத்தியங்களுக்குமாக எழுதிய கிளாரினெட் குவின்டெட்டைத்தான். இனி எழுதுவதில்லை என்ற எண்ணத்தில் இருந்தவரை, மைனிங்கன் இசைக்குழுவின் ரிச்சர்ட் முல்ஃபெல்டின் வாசிப்பே மீண்டும் பேனாவைப் பிடிக்க வைத்தது. அதன் அடாஜியோ என்னும் மெதுவான பகுதியின் நடுவே, தந்தி வாத்தியங்கள் நடுங்கிக்கொண்டிருக்க, கிளாரினெட் மட்டும் தனியே எழும்பியும் சரிந்தும் வேகமான ஸ்வரக் கோவைகளான பிர்காக்களை உதிர்க்கும் இடம் ஒன்று உண்டு. ஆலாபனை கேட்டுப் பழகியவர் எவரும் அங்கே அந்நியப்பட்டு நிற்க மாட்டார்.

திருமங்கலம் பேண்டு:
கல்யாண ஊர்வலங்களில் கிளாரினெட் வாசிப்பவன் என்ற முறையில் ஒன்று சொல்கிறேன். குழைவு என்பது வாத்தியத்தில் இல்லாத குணம் அன்று. அதை எங்கே அனுமதிப்பது என்பதில்தான் இரு மரபுகளும் பிரிகின்றன. 1924-இல் அமெரிக்க இசையமைப்பாளர் கெர்ஷ்வினின் ‘ராப்சடி இன் புளூ’ என்ற படைப்பின் தொடக்கத்தில் ஏறு வரிசையாக எழுதப்பட்டிருந்த ஸ்வரங்களை, ஒத்திகையின்போது கிளாரினெட் கலைஞர் ராஸ் கோர்மன் ஒரே இழுப்பாக இழுத்து வாசித்தார். கெர்ஷ்வினுக்கு அது பிடித்துப்போய், அப்படியே நிலைத்துவிட்டது. துளையிலிருந்து விரலைச் சட்டென்று எடுக்காமல் மெல்ல வழுக்கி விலக்க வேண்டும். கூடவே ஊதுமுனையிலுள்ள நாணல் தகடான ரீடின் மீதுள்ள உதட்டு அழுத்தத்தையும் தளர்த்திப் பிடிக்க வேண்டும். ஏ.கே.சி. நடராஜன் கர்நாடக இசையில் ஸ்வரங்களைக் குழைக்கும் கமகங்களைக் கிளாரினெட்டில் கொண்டுவந்ததைக் கேட்டவர்களுக்கு, இவ்வாத்தியம் எவ்வளவு தூரம் வளையும் என்பதற்கு வேறு சான்று வேண்டியதில்லை.

என் சொந்த ருசியில், குட்மனைவிட ஷாவே ஒரு படி மேல். வேகத்தில் குட்மனை மிஞ்ச முடியாது. ஆனால் ஷாவின் மேல் ஸ்தாயியில் கீச்சொலியே இல்லை, நாதம் அங்கும் பருத்தே இருக்கிறது.

வடக்கு மாசி வீதி:
இருவருக்கும் நன்றி. நாதத்தை அசைத்து வாசிக்கும் செவ்வியல் கலைஞர் எவரேனும் உண்டா?

திருநகர் ரசிகர்:
உண்டு. இங்கிலாந்தின் ரெஜினால்ட் கெல் செவ்வியலிலேயே நாதத்தை அசைத்து வாசித்தவர். அதற்காகவே சிலர் அவரைக் கொண்டாடினர், சிலர் ஒதுக்கினர். புகழின் உச்சியை எட்டிய பின்னரும் குட்மன் அவரிடம் பாடம் கேட்டார். கெல்லின் பிராம்ஸ் பதிவு கிடைத்தால், மொசார்ட்டுக்கு முன்பாக அதையே கேளுங்கள்.