புதுப்பிப்பு: கொல்லையில் ஆமை, வேலிப் பிரச்சினை தீர்ந்தது

எங்கள் தரை ஆமை கம்பிவலை வேலியை விட்டு நகராமல் அடியில் தோண்டுகிறது, வலையில் ஏறி மல்லாந்து விழுகிறது, என்ன செய்யலாம் என்று போன மாதம் கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் மனமார்ந்த நன்றி.

பலன் தந்தது, "வெளியே தெரியாதபடி மறையுங்கள்" என்ற யோசனைதான். வலையின் உட்புறம் 45 செ.மீ. உயரத்துக்குப் பலகை அடித்தேன். இரண்டு நாள் ஆமை தன் முதுகோட்டை உரசிக்கொண்டே பலகையோரம் நடந்தது. மூன்றாம் நாள் விட்டுவிட்டது. வேலிக்கு அந்தப் பக்கம் கண்ணுக்குத் தெரிந்தால்தான் முட்டிக்கொண்டே இருக்கும் போல. தோண்டாமலிருக்க வேலியோரம் 30 செ.மீ. ஆழத்துக்குச் செங்கல் புதைத்தேன்.

எதிர்பாராதது மூலை. இரண்டு பலகைகள் சேரும் இடத்தில் கால்களை இருபக்கமும் ஊன்றி ஏறிவிட்டது! நல்லவேளை, பார்த்துவிட்டேன். வெயிலில் மல்லாந்து கிடந்தால் உடல் சூடேறியே செத்துப்போகும். மூலைகளின் மேல் முக்கோணப் பலகை வைத்து மூடிய பிறகு அந்தப் பயம் இல்லை.

அப்புறம், அரளி நஞ்சு என்று ஒருவர் எச்சரித்தாரே, அதை வேரோடு எடுத்து, உதிர்ந்த இலைகளையும் பொறுக்கிவிட்டேன். ஆழமான தொட்டிக்கு மூடி போட்டு, தாடைக்கு மேல் தண்ணீர் வராத தட்டு ஒன்றை மண்ணில் பதித்திருக்கிறேன். நாயை ஆமையருகே தனியாக விடுவதே இல்லை.

உங்களுடையது சல்காட்டா (ஆப்பிரிக்காவின் பெரிய தரை ஆமை) இனம் என்றால் என் செங்கல் ஆழம் போதாது. அவை மீட்டர் கணக்கில் வளை தோண்டும்.