தெக்கோங்கில் பையன்களுக்குச் செல்லம் அதிகமாகிவிட்டதா?

நீசூன்85:
போன வாரம் மகனை என்எஸ்ஸுக்காக (சிங்கப்பூரின் கட்டாய தேசிய சேவை) தெக்கோங் தீவில் இருக்கும் ராணுவ அடிப்படைப் பயிற்சி முகாமில் விட்டுவிட்டு வந்தேன். சாங்கியிலிருந்து ஃபெரி, தீவில் இறங்கியதும் அவன் படுக்கப்போகும் பங்க்கை (தங்கும் அறையை) சுற்றிக் காட்டினார்கள், பிள்ளைகள் உறுதிமொழி எடுப்பதைப் பார்த்தோம், அப்புறம் குக்ஹவுஸில் (முகாம் சாப்பாட்டுக்கூடத்தில்) குடும்பத்தோடு உட்காரவைத்துச் சாப்பாடு. நான் 1985இல் நீ சூன் முகாமுக்குப் போனபோது என் அப்பா வாசல் கேட்டோடு நின்றுவிட்டார். அன்றைக்கு என்எஸ், கார்ப்பரலுக்கும் அதற்கு மேலும் இரண்டரை ஆண்டு. நடுராத்திரியில் எழுப்பி ஓடவிடுவார்கள், ஏன் என்று கேட்கமாட்டோம். இப்போது 7 மணி நேரத் தூக்கம் கட்டாயமாம், வெயில் ஏறினால் பயிற்சி நிறுத்தமாம். சண்டை என்று வந்தால் எதிரி வெயில் தணியட்டும் என்று காத்திருப்பானா? ராணுவத்தைப் பள்ளிக்கூட முகாம் ஆக்கிவிட்டார்கள் என்பதுதான் என் வருத்தம்.

செக்‌ஷன்_3:
அண்ணே, நான் என் என்எஸ் காலத்தில் அங்கேயே செக்‌ஷன் கமாண்டராக (சிறு குழுவின் தலைவனாக) இருந்தவன், அதனால் சொல்கிறேன். வருகிற பையன்களில் பாதிப் பேர் தேர்வுக்காக ஒரு வருஷம் நாற்காலியைவிட்டு எழுந்திருக்காதவர்கள். வெயிலுக்கு உடம்பு பழகவே ரெண்டு வாரமாவது வேண்டும், அதைக் கத்திப் பழக்க முடியாது. 2018இல் ஒரு தேசிய சேவையாளர் 8 கிலோமீட்டர் வேக நடைக்குப் பிறகு வெப்பத் தாக்கத்தால் இறந்துபோனார். அந்தச் செய்தி வந்த நாள் எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது, எங்கள் வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. தண்ணீர் குடிக்கவைப்பதைச் செல்லம் என்கிறீர்களா? வரிசையில் நிற்கவைத்து, பாட்டிலைக் காலி செய்யச் சொல்லி, தலைக்கு மேல் கவிழ்த்துக் காட்டச் சொல்லுவோம். ஒரு சொட்டு விழுந்தாலும் யார் குடிக்கவில்லை என்று தெரிந்துவிடும். அது என் வேலையிலேயே முக்கியமான வேலை என்று நினைத்துத்தான் செய்தேன்.

நீசூன்85:
தம்பி, தண்ணீரை நான் குறை சொல்லவில்லை, உயிர் போவதை யார் ஒத்துக்கொள்வார்கள்? நான் கேட்பது தூக்கம். 7 மணி நேரம் தூங்கிப் பழகியவன் மூன்று நாள் தூங்காமல் காவல் நிற்கவேண்டி வந்தால் என்ன செய்வான்? தெரியாத கஷ்டத்தை முதன்முதலாகச் சண்டையிலா பார்ப்பது?

செக்‌ஷன்_3:
அதற்குத்தான் பிறகு போகும் படைப்பிரிவில் யூனிட் பயிற்சி இருக்கிறது. தெக்கோங் வெறும் 9 வாரம் (உடற்தகுதி குறைந்தவர்களுக்கு அதைவிட அதிகம்). எஸ்ஏஆர் 21 துப்பாக்கியைக் கழற்றி மாட்ட, குறிபார்த்துச் சுட, கையெறி குண்டு வீச, பக்கத்தில் இருப்பவனை நம்பக் கற்றுக்கொடுக்கும் இடம் அது. கண் சொருகிப்போய் நிற்கிறவன் கையில் நிஜக் குண்டைக் கொடுக்க நான் தயாரில்லை. தூக்கம் இல்லாத நாட்கள் பிறகு காலாட்படையில் வரும், அதைத் தாங்குவதற்கான உடம்பை இங்கே கட்டுகிறோம். அப்புறம் காட்டில் தங்கிப் பயிற்சி செய்யும் ஃபீல்டு கேம்ப்பைப் பற்றி ஒரு வார்த்தைகூட நீங்கள் சொல்லவில்லையே. மழையில், இறுகின செம்மண்ணில், மடக்கு மண்வெட்டியால் தன் உடம்பு நீளத்துக்குக் குழி வெட்டிப் படுக்கிற பையனைப் பார்த்தால் செல்லம் என்று சொல்லமாட்டீர்கள்.

தஞ்சாவூர்_அம்மா:
நான் நடுவில் வருவதற்கு மன்னிக்கவும். நாங்கள் ஊரிலிருந்து வந்து பிஆர் (நிரந்தரவாசி) ஆனவர்கள், எங்களுக்கு என்எஸ் கிடையாது, பையனுக்குக் கட்டாயம். சொந்தக்காரர்கள் பாதிப் பேர் பிஆரை விட்டுவிட்டு ஊருக்குக் கூட்டி வந்துவிடு என்றார்கள். நான் ராத்திரியெல்லாம் அழுதேன். அண்ணே, அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைத் தப்பாக நினைக்காதீர்கள். அவன் படுக்கும் கட்டிலைக் கண்ணால் பார்த்ததால்தான் அன்றைக்கு நான் வீட்டுக்கு நடந்து வந்தேன். உங்கள் அப்பா கேட்டோடு நின்றாரே, அன்று ராத்திரி அவர் தூங்கினாரா என்று கேட்டீர்களா?

ஃபீல்டு கேம்ப் சமயத்தில் கொடுக்க, பெற்றோரிடம் கடிதம் வாங்கி வைத்திருந்தார்கள். நான் தமிழில் எழுதினேன். என் மகன் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிப்பான். டார்ச் வெளிச்சத்தில் ஒரு பக்கம் படிக்க அரைமணி நேரம் ஆனதாம், ஒரு சொல் புரியாமல் பக்கத்துக் குழியில் இருந்த தமிழ்ப் பையனிடம் கேட்டானாம். அந்தத் தாள் மண் கறையோடு இன்னும் அவன் பர்ஸில் இருக்கிறது. 24 கிலோமீட்டர் நடையை முடித்துவிட்டு வந்த அன்று அவன் காலில் எனக்கு எண்ணத் தெரியாத அளவு கொப்புளம். செல்லம் கொடுத்து வளர்த்தவனுக்கு அந்தக் கால் வராது.

நீசூன்85:
அம்மா, அப்பா தூங்கினாரா என்று நான் கேட்டதே இல்லை. அவர் போய் 11 வருஷம் ஆகிறது. 

தூக்க விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான், 9 வாரத்தில் ஒரு வாரமாவது பையன்கள் உண்மையான களைப்பைப் பார்க்கவேண்டும். ஆனால் பெற்றோரை உள்ளே விடுவது பற்றி எழுதியதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறேன். தம்பி செக்‌ஷன்_3, அந்தக் கடிதத்தை எப்போது கேட்பார்கள்? என் மகனும் தமிழை மெதுவாகத்தான் படிப்பான். ஒரு பக்கத்துக்குள் முடிக்கவேண்டுமா, கூட எழுதலாமா?