லைப்ஸிக் வெண்கல நாற்காலிகள்: சின்னப் பையனோடு போகலாமா?

செம்பருத்தி:
வணக்கம். நவம்பர் 7 முதல் 12 வரை வேலையாக ஜெர்மனியின் லைப்ஸிக் நகருக்கு வருகிறேன். 11 வயது மகனும் கூட வருகிறான். பள்ளியில் ஹிட்லர் காலத்தைப் பற்றிப் படித்ததிலிருந்து ஓயாமல் கேள்வி கேட்கிறான். வதைமுகாமுக்கு அழைத்துப்போக எனக்கு இன்னும் மனம் வரவில்லை. நகரத்துக்குள்ளேயே, எரிக்கப்பட்ட யூதத் தொழுகைக்கூடம் இருந்த இடத்தில் நாற்காலிகளை வைத்து நினைவிடம் அமைத்திருக்கிறார்கள் என்று படித்தேன். அங்கே பார்க்க என்ன இருக்கிறது? அந்த நாற்காலிகளில் உட்காரலாமா? தெரியாமல் அவமரியாதையாக எதுவும் செய்துவிடக் கூடாது என்று பயமாக இருக்கிறது.

கூழாங்கல்:
கட்டாயம் அழைத்து வாருங்கள். நான் இங்கே ஆறு வருடமாக இருக்கிறேன், வாரத்தில் நான்கு நாளாவது அதைக் கடந்துதான் போகிறேன்.

கோட்ஷெட் தெரு முழுக்க காபிக்கடைகளும் மதுக்கூடங்களும்தான். முதல் தடவை பார்த்தபோது, ஏதோ ஒரு கடைக்காரர் வெளியே போட்ட இருக்கைகள் என்றே நினைத்துவிட்டேன். மழை அப்போதுதான் விட்டிருந்தது. பக்கத்துக் கடையில் நாற்காலிகளைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார்கள். இங்கே ஒவ்வொரு இருக்கையிலும் தண்ணீர் அப்படியே நின்றது. துடைக்க யாரும் வரவில்லை. அப்போதுதான் உறைத்தது.

மொத்தம் 140 நாற்காலிகள், எல்லாமே ஒரே மாதிரி, வரிசை வரிசையாக. அவை நிற்கும் மேடைதான் முக்கியம். பழைய கட்டடத்தின் தரைத்திட்டத்தையே அது காட்டுகிறது. பையனை ஒரு மூலையிலிருந்து எதிர்மூலைக்கு நடக்கச் சொல்லுங்கள். எவ்வளவு பெரிய கூடம் அது என்று நடந்தால்தான் தெரியும். ஓட்டோ சிமோன்சோன் வடிவமைத்து, 1855-இல் திறந்த கட்டடம். 1938 நவம்பர் 9 இரவு யூதர்களுக்கு எதிராக நாஜிகள் தொடங்கிய வெறியாட்டத்தில் தீவைத்தார்கள். இரண்டே நாளில் இடிபாடுகளை அகற்றத் தொடங்கினார்கள், அதற்கான செலவையும் யூதச் சமூகத்தின் தலையிலேயே கட்டினார்கள். எனக்குத் தீயைவிட அந்தக் கணக்குச்சீட்டுதான் ஆறவில்லை. தீ வைத்தது வெறி என்று சொல்லிக்கொள்ளலாம். ஒருவர் மேசையில் உட்கார்ந்து நிதானமாகக் கணக்கு எழுதியதை என்னவென்று சொல்வது?

இப்போதுள்ள நினைவிடம் 2001-இல் திறக்கப்பட்டது. வாசல் கதவு கிடையாது, கட்டணமும் கிடையாது. யூதத் தொழுகைக்கூடத்தில் போலத் தலையை மூட வேண்டியதில்லை. அரைமணி நேரம் போதும், ஆனால் நாலு மணிக்குள் போய்விடுங்கள், நவம்பரில் சீக்கிரம் இருட்டிவிடும்.

உட்காருவது பற்றி: நான் இதுவரை உட்கார்ந்ததில்லை. அது இன்னொருவருடைய இடம் என்ற எண்ணம் என்னை விடுவதில்லை.

வடக்குவாசல்:
கூழாங்கல், இதில் நான் உங்களோடு ஒத்துப்போகவில்லை. நான் உட்கார்ந்திருக்கிறேன். நின்று பார்த்தபோது அது ஒரு சிற்பமாகத்தான் தெரிந்தது. கடைசி வரிசையில் உட்கார்ந்ததும், எனக்கு முன்னால் ஒரு முதுகுகூட இல்லை என்பது தெரிந்தது. கூட்டமாக இருந்திருக்க வேண்டிய இடம். பையனும் அமைதியாக உட்காரட்டும். மேலே ஏறி நிற்பது, பையை வைப்பது, சிரித்துக்கொண்டு செல்ஃபி எடுப்பது, இவை வேண்டாம்.

செம்பருத்தி:
இருவருக்கும் நன்றி. முதுகு பற்றிச் சொன்னதைப் படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா இருந்துவிட்டேன். இன்னொன்று கேட்க வேண்டும். அவன் கட்டாயம் "யாருமே உதவவில்லையா?" என்று கேட்பான். நான் என்ன சொல்லட்டும்?

கூழாங்கல்:
வடக்குவாசல் சொன்னது நியாயம். அடுத்த முறை நானும் உட்கார்ந்து பார்க்கிறேன்.

உதவியவர் இருந்தார் என்று சொல்லுங்கள். 1938 அக்டோபர் 28-இல் போலந்துக் குடியுரிமை உள்ள யூதர்களைப் பிடித்து எல்லைக்கு அனுப்பினார்கள். லைப்ஸிகில் போலந்துத் துணைத்தூதராக இருந்த ஃபெலிக்ஸ் ஹிச்செவ்ஸ்கி துணைத்தூதரகக் கதவைத் திறந்துவிட்டார். சுமார் 1,300 பேர் அங்கே தஞ்சம் புகுந்தார்கள். அந்தக் கட்டடம் வெஷ்டர் தெருவில் இருந்தது. ஆனால் அதோடு நிறுத்திவிடாதீர்கள், அப்படிக் கதவு திறந்தவர்கள் மிகக் குறைவு என்பதையும் சொல்லுங்கள். 11 வயதுக்கு அது புரியும்.

கைல் தெருவுக்கும் போய் வாருங்கள். அங்குள்ள புரோடி தொழுகைக்கூடம் குடியிருப்புக் கட்டடத்துக்குள் இருந்தது, மேலே யூதரல்லாத குடும்பங்களும் வசித்தன. அதனால்தான் அது தீக்குத் தப்பியது. இன்றும் அங்கே வழிபாடு நடக்கிறது.

நவம்பர் 9 அன்று ஊரிலேயே இருப்பீர்கள் அல்லவா? அன்று பலர் மெழுகுவத்தியோடு வந்து ஸ்டோல்பர்ஸ்டைன் என்ற நினைவுக் கற்களைத் துடைப்பார்கள். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் தொடங்கிய வேலை. கல்லின் மேல் பத்து சென்டிமீட்டர் சதுரப் பித்தளைத் தகடு, நாஜிகளால் துன்புறுத்தப்பட்டவர் அல்லது கொல்லப்பட்டவர் வாழ்ந்த வீட்டு வாசலில் நடைபாதையோடு பதித்திருக்கும். "இங்கே வாழ்ந்தார்" என்று தொடங்கும், பிறகு பெயர், பிறந்த வருடம், என்ன ஆனார் என்பது. பையன் கையால் ஒரு கல்லைத் துடைக்கட்டும். பித்தளை மெருகுப் பசை, மென்மையான பஞ்சு, தண்ணீர், இரண்டு துணி போதும். கம்பிநார் வேண்டாம், கீறிவிடும். பழைய துணியாகப் பார்த்து எடுத்து வாருங்கள், கருத்துப்போன கறை பிறகு போகாது.